மடித்துவிட்ட முனை

மறுபடியும் சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றவில்லை. பின்னால் புகைக்குழாயில் பொட்டுப் புகைகூட இல்லை.

பதினோரு நாளாக இதே கதை.

புகை இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை என்று பொருள். போனில் வீடியோ பார்த்துத்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டாள். குழாயில் காற்றுப் பிடித்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பைக் கட்டைவிரல் கொப்பளிக்கும்வரை அமுக்கினாள். காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, நுரை அடங்கித் தெளிந்த டீசல் வரும்வரை காத்திருந்தாள். எடுக்கவில்லை. புது ஃபில்டர் போட்டாள். எடுக்கவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினாள். வண்டி மசியவில்லை.

தலைமுடியெல்லாம் டீசல் வாடை. இரண்டு முறை தலைக்குக் குளித்தும் போகவில்லை.

இருபத்தோரு வயது டீசல் கார். அதை நம்பித்தான் வேலைக்கு ஒத்துக்கொண்டிருந்தாள். பால் குளிரூட்டும் நிலையத்தில் பாலைச் சோதிக்கும் வேலை. முப்பது கிலோமீட்டர். காலை நாலரைக்கு அங்கே நிற்க வேண்டும். ஊரிலிருந்து முதல் பேருந்தே ஆறரைக்குத்தான்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவளுக்கென்று வந்த முதல் வேலை.

சேர வேண்டிய கெடு நேற்றோடு முடிந்தது.

வர முடியாது என்று அவளே போனில் சொன்னாள். எண்ணைப் போட்டுக் கொடுத்தது கணவன். பேசி முடிக்கும்வரை தோளில் கை வைத்துப் பக்கத்திலேயே நின்றான். அந்தக் கை அப்போது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"பழைய வண்டி புள்ள. அதோட எதுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு," என்றான்.

அவன் போர்வெல் மோட்டார் மெக்கானிக். கரண்டு மோட்டார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன், டீசல் வண்டி மட்டும் எனக்குப் பிடிபடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டான். ஆனாலும் பதினோரு நாளும் டார்ச் பிடித்தான். கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான். ஃபில்டரைக்கூட அவன்தான் டவுனுக்குப் போய் வாங்கி வந்தான்.

இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று தங்கையிடம் பெருமை பேசியிருந்தாள். பைத்தியக்காரி.

மெக்கானிக்கை மட்டும் அவன் கூப்பிட விடவில்லை. வந்தால் வண்டியையே பிரித்துப் போட்டுவிடுவான் என்றான்.

வேலை போன பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. என்னதான் கோளாறு என்று தெரிந்தாக வேண்டும். இன்று அவன் குளிக்கப் போன நேரத்தில், ஊரில் முன்பு ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சின்னராசு அண்ணனைப் போனில் பிடித்தாள்.

"சாவியப் போட்டதும் டீசல் பம்புக்குப் பின்னால டக்குன்னு ஒரு சத்தம் வரோணும் கண்ணு. வரலைன்னா அங்க ஒத்த ஒயரு ஒண்ணு வரும், அதப் பாரு. அதப் புடுங்கினா ஓடற வண்டியும் நின்னுரும்."

சத்தம் வரவில்லை.

பம்பின் முதுகுப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது. கையை விட்டுத் துழாவினாள். ஒயர் மாட்ட வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. ஒயர் கொஞ்சம் தள்ளி, ரப்பர் குழாய்க்கு அடியில் செருகியிருந்தது. வெளியே இழுத்தாள்.

அறுந்திருக்கவில்லை. எலி கடித்திருக்கவில்லை.

நுனியில் கறுப்பு டேப். புது டேப். இடைவெளி இல்லாமல், இறுக்கமாக, மூன்று சுற்று. கடைசி முனை மட்டும் பசை உள்ளே போகும்படி கால் அங்குலம் மடித்துவிடப்பட்டிருந்தது.

பின்னால் பிரிப்பதற்கு வசதியாக.

அப்படி மடித்துவிடுகிறவன் அந்த வீட்டில் ஒருவன்தான். மோட்டார் கேபிளோ, மிக்ஸி ஒயரோ, எதில் டேப் சுற்றினாலும் முனையை மடித்துவிடுவான். இதையும் பிரித்து மாட்டுவதாகத்தான் இருந்திருக்கிறான். கெடு முடிந்த பிறகு, சாவகாசமாக.

தோளில் இருந்த அந்தக் கையை நினைத்தபோது அருவருப்பாக இருந்தது.

டேப் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. ஒயரை மாட்டினாள். சாவியைப் போட்டாள்.

டக்.

இரண்டே சுற்றில் பற்றிக்கொண்டது. வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு, வாசலே அதிர ஓடியது.

அவன் ஈரத் தலையோடு ஓடி வந்தான். முகத்தில் சந்தோஷம். நிஜச் சந்தோஷம் மாதிரியே இருந்தது.

"எடுத்துருச்சா! என்ன புள்ள கோளாறு?"

டேப்பை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அது சுருண்டபடியே இருந்தது.

அவன் அதைப் பார்த்தான்.

"ஷார்ட் ஆயிரக் கூடாதுன்னு நல்லாத்தான் சுத்தி வெச்சேன்," என்றான். "வண்டிக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

அவள் வண்டிக்குள் குனிந்து சாவியை உருவிக்கொண்டாள். தேய்ந்த பூட்டு. ஓடும்போதே சாவி கையோடு வந்துவிடும், இன்ஜின் நிற்காது.

பானட்டை மூடவில்லை. வேண்டுமென்றேதான் மூடவில்லை.

உள்ளே போய்க் கட்டிலில் பையை வைத்தாள். சான்றிதழ்கள். ஒரு புடவை. இன்னொன்று. போவதென்று இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. ஜன்னல் வழியாக இன்ஜின் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஓடட்டும், ஓடட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

மூன்றாவது புடவையை மடிக்கும்போது சத்தம் நின்றது.

சாவி அவள் இடுப்பில் இருந்தது.

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பேருந்து நிறுத்தம் நடக்கிற தூரம்தான்.