பத்துக்குப் பத்து

“பாஸ்வேர்டு சொல்றேன். போட்டோ எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை திறந்து பாத்துடுங்கண்ணா.”

குரலைத் தாழ்த்திச் சொன்னாள் அந்தப் பெண். சொல்லும்போதே பார்வை கண்ணாடிக் கதவுக்குப் போனது. வெளியே, அவளோடு வந்தவர் யாரிடமோ போனில் பேசியபடி உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்குக்குச் சட்டென்று பொறி தட்டியது. வந்துவிட்டார்கள்.

அந்த செல்போன் சர்வீஸ் சென்டரில் அவனுக்கு நல்ல பெயர். வேலையும் சுத்தம், கையும் சுத்தம். ஆனால் போன மாதத்திலிருந்து அங்கே யாருக்கும் நிம்மதி இல்லை. ரிப்பேருக்கு வரும் போன்களில் இருக்கும் படங்களை மெக்கானிக்குகள் மேய்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், தலைமை அலுவலகம் வேஷம் கட்டிய வாடிக்கையாளர்களை அனுப்ப ஆரம்பித்திருந்தது. புருஷன் பெண்டாட்டி மாதிரி ஜோடியாக வருவார்கள். பாஸ்வேர்டைத் தாங்களாகவே சொல்வார்கள். படங்களைத் தொட்டால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து மேஜை சோடாபுட்டி அப்படித்தான் கையும் களவுமாக மாட்டினான். ஊரார் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் பத்திரிகை இல்லாமலே பார்த்தவன் என்று பீற்றிக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. அவன் மேஜை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

மெக்கானிக்கின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. இந்த நேரத்தில் வேலை போய் வீட்டுக்குப் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அவனுக்கு.

“ஸ்கிரீன் மாத்தறதுக்கு பாஸ்வேர்டே தேவையில்லை மேடம்,” என்றான் பணிவாக.

அவள் கேட்டால்தானே. நான்கு எண்களையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். “கடைசியா ஒரு வீடியோ இருக்கும். அதை மட்டுமாவது ஓடவிட்டுப் பாருங்க. நீங்க எல்லாரும் பாப்பீங்கதானே?”

அந்தக் கடைசி வார்த்தை அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. தூண்டில் போடுகிறவள் இவ்வளவு பச்சையாகவா போடுவாள்? வேலைக்குப் புதுசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே நின்றவர் உள்ளே வந்தார். கசங்காத சட்டை, கச்சிதமான பேச்சு. அதிகாரி இவர்தான் என்று மெக்கானிக் முடிவு கட்டிவிட்டான்.

“சீக்கிரம் குடுத்துடுங்க தம்பி. நான் கூப்பிடறப்ப இவ எடுக்கலைன்னா எனக்கு வேலையே ஓடாது,” என்று சிரித்தார் அவர். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இவர் மட்டும் நன்றாகவே நடிக்கிறார் என்று பட்டது அவனுக்கு. மறுநாள் வரச் சொல்லி அனுப்பினான்.

அவர்கள் போனதும் போனை விளக்கடியில் வைத்துப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே விழுகிற போன் ஓரத்தில்தான் அடிபடும். இதில் ஓரமெல்லாம் புத்தம் புதுசாக இருக்க, கண்ணாடி நட்டநடுவில் நொறுங்கியிருந்தது. ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கு ஒரு போனை ஒழுங்காக உடைக்கக்கூடத் தெரியவில்லை.

சோதனைதானே, பார்த்துவிடலாம் என்று வேலையில் இறங்கினான். பழைய பசையைத் துளி விடாமல் சுரண்டி எடுத்தான். தூசி ஒட்டாமல் புது ஸ்கிரீனைப் படியவைத்தான். யாரும் கேட்காமலே சார்ஜ் ஏறும் துவாரத்தையும் சுத்தம் செய்தான். திரை பளிச்சென்று எரிந்து பாஸ்வேர்டு கேட்டது. அப்படி என்னதான் வைத்திருப்பார்கள் என்று ஒரு நொடி விரல் அரித்தது. போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனான். அன்றைக்கு வீட்டில் மனைவியிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டான்.

மறுநாள் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். அந்தப் பெண் உள்ளே நுழைந்ததிலிருந்து அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால், உள் அறை வாசலில், யாரையோ தேடுவதுபோல் பார்த்தாள். கடையையும் சேர்த்து எடை போடுகிறாள் என்று நினைத்த மெக்கானிக், அவளை விட்டுவிட்டு நேராக அதிகாரியிடமே பேசினான்.

“சார், மறைக்காம சொல்லிடறேன். நேத்து நீங்க வெளிய நின்னப்ப மேடம் பாஸ்வேர்டைச் சொல்லி, கடைசி வீடியோவைப் பாருங்க பாருங்கன்னு ரொம்ப வற்புறுத்தினாங்க. நான் தொடவே இல்லை. கஸ்டமரோட அந்தரங்கம் எங்களுக்கு வேண்டாத விஷயம். பத்துக்கு எத்தனை மார்க் போடறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

“மார்க்கா? என்ன மார்க்கு?” என்றார் அவர். அவருடைய சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிருந்தது. “எந்த வீடியோ?”

“ஒண்ணுமில்லீங்க, அது சும்மா...” என்று அவள் மேஜைமேல் இருந்த போனுக்குக் கை நீட்டினாள். அவர் முந்திக்கொண்டார். ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி, இன்னொரு கையால் நான்கு எண்களையும் யோசிக்காமல் தட்டி, கடைசி வீடியோவை ஓடவிட்டார்.

புதுத் திரையில் அவள் தெரிந்தாள். தோள் வரை சட்டைக் கையைச் சுருட்டியிருந்தாள். தோளிலிருந்து முழங்கை வரை கன்றிப்போய்க் கிடந்தது.

“அண்ணா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ரிப்பேர் பண்றவங்க எல்லாத்தையும் திறந்து பாப்பாங்கன்னு சொல்வாங்க. அதை நம்பித்தான் இந்தப் போனை நானே உடைக்கப் போறேன். என் புருஷன் வீட்டை வெளியில பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போறாரு. நான் யாருக்கு போன் பண்ணினாலும் அவருக்குத் தெரிஞ்சிடுது. எப்படியாவது போலீஸ்ல சொல்லிடுங்க. அவருக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாதுண்ணா.”