கல்லில் வந்த தங்கம்

கடலடிச் சேறு இறுகிய கல் பொய் சொல்லாது. அந்தக் காலத்துத் தண்ணீரில் என்னென்ன கரைந்திருந்தது என்பதை அப்படியே ஒப்பித்துவிடும். அண்ணன் அதை இயந்திரத்தில் நொறுக்கித் தருவான். நான் சோதிப்பேன்.

திங்கட்கிழமை, ஐம்பது கோடி வருடப் பழைய கல்லில் தங்கமும் செம்பும் வந்தன. அசல் நகைக்கடைக் கலவை.

"மோதிரத்தைக் கழட்டாம அரைச்சியா? எத்தனை தடவைதான் சொல்றது?"

"கழட்டிட்டுதான் அரைச்சேன். சும்மா எரிஞ்சு விழாதே."

இயந்திரத்தில் மணல் ஓட்டிச் சுத்தம் செய்து மூன்று முறை பார்த்தோம். தங்கத்தின் அளவு அதே எண்தான்.

புதன்கிழமை அண்ணன் வீம்புக்கு மோதிரத்தோடு வந்தான்.

"போட்டுக்கிட்டு அரைக்கிறேன். எண் மாறுதான்னு நீயே பாரு."

மோதிரம் மாட்டியது. இயந்திரம் அவன் கையை முழங்கை வரை மென்றது. நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் எலும்பும் தங்கமும் கல்லோடு கூழாகிவிட்டன.

இனி நொறுக்குவதும் என் வேலைதான். அண்ணன் திங்களன்றே அரைத்து வைத்திருந்த அடுத்த துண்டை இன்று சோதித்தேன். தங்கம் துளியும் இல்லை. வெள்ளியும் பாதரசமும் இருந்தன.

பல் டாக்டர் அதே கலவையை வைத்து அடைத்த என் கடைவாய்ப் பல்லை நாக்கு தானாகப் போய்த் தொட்டது.