நல்ல நேரத்தில் மாட்டிய கம்ப்ரசர்

இருபது வருஷத்துக் கார் ஒன்றின் ஏசி கம்ப்ரசர் தேய்ந்து, குழாய்க்குள்ளெல்லாம் இரும்புத்தூளைக் கக்கிவிட்டு நின்றுபோனது. மெக்கானிக் சகாயம் அதைக் கழற்றிப் பட்டறை மூலையில் போட்டார்.

"குழாயைக் கழுவிட்டு மாட்டலாம் சார். சாயங்காலம் ஆயிரும்," என்றார்.

"புதுசுதானே மாட்டுறோம்? பத்தரையோட நல்ல நேரம் முடியுது," என்றார் கார்க்காரர் குமரகுரு. எலுமிச்சம்பழம் சுற்றி, புதுக் கம்ப்ரசருக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார்.

பொட்டோடு ஏறிய புதியது மூலையைப் பார்த்தது. "வேலை தெரியாத கிழமே, குளிர்ச்சின்னா என்னன்னு இனிமே பாரு."

"அது கக்கினது இன்னும் என் வயித்துலதான் இருக்கு," என்றது குழாய்.

"குழாய்க்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்ல."

மூன்றாவது வாரமே புதியதும் இறுகி நின்று, மூலைக்கு வந்து சேர்ந்தது. பொட்டுகூட முழுசாக அழியவில்லை.

குமரகுரு இன்னொரு கம்ப்ரசரோடு வந்து நின்றார். "போன தடவை நேரம் சரியில்ல. இப்ப ஜோசியரைக் கேட்டுட்டே வந்திருக்கேன். சீக்கிரம் மாட்டுங்க."

மூலையில் கிடந்த பழையது பக்கத்தில் இருந்ததிடம் சொன்னது:

"கொஞ்சம் தள்ளிப் படு. அடுத்தவர் வர்றார்."