அவன் இடத்துக்கு ஓர் அழைப்பு

போன் மறுபடி அடித்தது.

அவள் எடுக்கவில்லை. மேசை மேல் அது அதிர்ந்து நகர்ந்து, தண்ணீர் டம்ளரில் இடித்து நின்றது.

கொண்டை போட்டாயிற்று. உதட்டுச் சாயம் பூசியாயிற்று. சீருடை நாற்காலியின் முதுகில் தொங்கியது. ஸ்டாண்ட்பை நாளென்றால் இப்படித்தான். வீட்டிலேயே தயாராக இருக்க வேண்டும். விமானப் பணியாளர் யாராவது வரவில்லையென்றால் அவர்கள் இடத்தில் போய் நிற்க வேண்டும்.

இன்று வராமல் போனது தயாளன்.

அவள் கணவன்.

எதிரே தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். உரித்து முடித்த தோலையே மறுபடி எடுத்துப் பிரித்துப் பார்த்தான்.

விடியற்காலையில் ஷார்ஜாவிலிருந்து இறங்கினான். மாலையில் தம்மாம் போகச் சொன்னார்கள். நிறுவனத்தின் கணக்கில், விமானத்தின் கதவு திறந்ததுமே ஓய்வு தொடங்கிவிடுகிறதாம். வண்டிக்காகக் காத்து நின்றதும் ஓய்வு. பல்லாவரம் நெரிசலில் கிடந்ததும் ஓய்வு. வீடு வந்து சேர்ந்த பிறகு கணக்கைத் தொடங்குங்கள் என்றுதான் சங்கம் கேட்கிறது.

காலையில் அலுவலகத்தை அழைத்துச் சொன்னான். "களைப்பா இருக்கேன். இன்னைக்குப் பறக்க முடியாது."

விதி அனுமதிக்கிற வாக்கியம். யாரும் சொல்லாத வாக்கியம். சங்கத்தின் கிளைச் செயலாளர் அவன். முதலில் சொல்ல வேண்டியவனும் அவன்தான்.

போன மாதம், கூட வேலை பார்த்த ஷெரின் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றைய நான்காவது விமானம் தரையிறங்கியதும், அவசரச் சறுக்குமெத்தையை முடக்கும் லீவரை மாற்றாமல் கதவைத் திறந்துவிட்டாள். அவசரச் சறுக்குமெத்தை புஸ்ஸென்று வெளியே விரிந்து தரையைத் தொட்டது. கீழே ஆள் இல்லாதது அதிர்ஷ்டம். மறுநாள் ஷெரினுக்கு வேலை போயிற்று.

அதன்பிறகு இருவரும் பேசி வைத்திருந்தார்கள். சண்டை அவனுடையது. அவள் பறந்துகொண்டே இருக்க வேண்டும். ஒருவர் வேலையாவது மிஞ்சட்டும்.

அவன் இடத்துக்கே அவளைக் கூப்பிடுவார்கள் என்று இருவருமே நினைக்கவில்லை.

போனால், செயலாளரின் பெண்டாட்டியே போய்விட்டாள் என்பார்கள். பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

போகாவிட்டால் இரண்டு வேலையும்.

"எடு," என்றான்.

"எடுத்து என்ன சொல்ல?"

"வரேன்னு சொல்லு. என் சீட்டுதானே. அதுல உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டே போய்ட்டு வா."

அவள் சிரிக்கவில்லை. அவனும்தான்.

எழுந்து வந்தான். சீருடையை எடுத்து, சுருக்கத்தைக் கையால் நீவி, அவள் மடியில் வைத்தான். மறுத்தவர் இடத்தை யாரும் நிரப்பாதீர்கள் என்று கூட்டத்தில் கும்பிட்டுக் கேட்டவன்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் தாழ்ந்து போனது. கண்ணாடி கிடுகிடுத்தது.

போன் மூன்றாவது முறை அடித்தது.

அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ரோஸ்டர்லேருந்து பாலமுரளி." அவன் குரல் தயங்கியது. "சாயங்காலம் தம்மாம். வண்டி அனுப்பிடவா? பறக்க ஃபிட்தானே மேடம்?"

இந்தக் கேள்வி முடிவதற்கு முன்பே ஆமாம் என்று சொல்லிப் பழகியவள் அவள்.

"பாலா, காலைல பேப்பர் போடறவர் பெல் அடிச்சார்."

"மேடம்?"

"திறக்கப் போனேன். கதவைத் திறக்காம குனிஞ்சு லீவரைத் தேடிட்டிருந்தேன். என் வீட்டுக் கதவுல."



தயாளன் அவளைப் பார்த்தான். இதை அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

"சிரிச்சுட்டு விட்டுடலாம்னு பாத்தேன் பாலா. முடியல. நான் களைப்பா இருக்கேன். பறக்க மாட்டேன்."

"சார் சொல்லச் சொன்னாரா மேடம்?"

"சார் போகச் சொல்றார். என் மடியில யூனிஃபார்மை வெச்சுட்டு நிக்கறார்."

விசைப்பலகையின் தட்டல் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"எழுதிட்டேன் மேடம்," என்றான் பாலமுரளி. பிறகு மெதுவாக, "மேல கேப்பாங்க."

"கேக்கட்டும்."

வைத்துவிட்டாள். தயாளன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தோளைத் தொடப் போன கை பாதியில் நின்றது.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ என்னைத் தூங்க வெச்சிருப்ப. நீயே தூங்காத ஆளு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அப்போது மேல்வீட்டில் போன் அடித்தது.

மேல்வீட்டில் ஃபர்ஹானா. அவளும் இதே நிறுவனம்தான். இன்றைக்கு ஸ்டாண்ட்பை. வேலையில் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகவில்லை.

இருவரும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள்.

தயாளன் எழுந்தான். வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். இந்த வாரம் முழுக்க இதையே கேட்டு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கியவன்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம் தயா."

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

"தூங்கினாளா இல்லையான்னு அவளுக்குத்தான் தெரியும்."

மேலே வெறுங்கால்கள் ஓடிவரும் சத்தம். நேராக அவர்கள் தலைக்கு மேல் வந்து நின்றது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.