காலையில ரெண்டு, சாயந்திரம் ரெண்டு

“இன்ஹேலர் மருந்து காலையில ரெண்டு பஃப், சாயந்திரம் ரெண்டு பஃப். ஒரு வேளைகூட விடாம கொடுக்கிறீங்கதானே?”

ஸ்டெதஸ்கோப்பைச் சிட்டுவின் முதுகில் நகர்த்தியபடியே டாக்டரம்மா கேட்டார். ஏழு வயதுச் சிட்டு, முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. விரலில் மாட்டிய, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி எண்பத்தொன்பதைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“கொடுக்கிறோம் டாக்டர்” என்றாள் அம்மாக்காரி. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததும் தையல் கடையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

பஸ் டிரைவர் சீருடையில் நின்ற கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா இன்ஹேலரைத் திருப்பி மீதி எத்தனை பஃப் என்று காட்டும் எண்ணை அதன் முதுகில் பார்த்தார். “ஒரு நாளைக்கு நாலு வீதம் சரியாத்தான் குறைஞ்சிருக்கு. அப்புறம் ஆஸ்துமா ஏன் இவ்வளவு மோசமாச்சு?”

ஏன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

கணவர் விடிவதற்குள் பஸ் எடுக்கப் போய்விடுவார். அதனால் காலை மருந்து அவள் பொறுப்பு. அவள் கடையிலிருந்து திரும்ப எட்டு மணியாகும். அதனால் சாயந்திர மருந்து அவர் பொறுப்பு. மறக்கக் கூடாதென்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, ஆளுக்கொரு வரிசையில் டிக் போட்டு வந்தார்கள். ஆறு மாதமாக ஒரு கட்டம் காலியில்லை.

வினை மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தில் இருந்தது; இரண்டு மாதம் முன்புதான் அதைப் படித்தாள். பொடி எழுத்தில் பக்க விளைவுகள். தொண்டைப் புண், குரல் கம்மல் எல்லாம் போகட்டும். ‘குழந்தைகளின் வளர்ச்சி வேகம் சற்றுக் குறையலாம்’ என்ற வரியில் அவள் கண் நிலைகுத்தி நின்றது.

ஊர்ப் பிள்ளைகளின் பாவாடையையெல்லாம் மடிப்புப் பிரித்து நீளமாக்கித் தருகிறவள் அவள். சொந்த மகளின் பாவாடை மடிப்பைப் பிரித்து ஒரு வருஷமாகிறது! சுவரோரம் நிறுத்தி டேப் வைத்தாள். மருந்து ஆரம்பித்த நாலு மாதத்தில் ஒரு நூல்கூட ஏறவில்லை.

காகிதத்தைக் கணவரிடம் காட்டினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். “டாக்டர் சொன்னா சொன்னதுதான். வேற பேச்சு வேண்டாம்” என்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மனுஷன் அதோடு மறந்துவிட்டார். அவளால் முடியவில்லை. மருந்தை அடியோடு நிறுத்தவும் பயம், கொடுக்கவும் பயம். கடைசியில் பாதியாக்கினாள். காலை மருந்து வாஷ்பேசினுக்குப் போனது. எண் குறைய வேண்டுமே! பிறகு ஃபிரிட்ஜில் டிக்.

“அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது, சரியா?” என்று சிட்டுவின் சுண்டுவிரலோடு தன் சுண்டுவிரலைக் கோத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது அந்தக் குழந்தை மூச்சுக்கே திணறிக்கொண்டிருந்தது.

“ஒழுங்கா கொடுத்தும் இப்படின்னா, இந்த மருந்து பத்தலைன்னுதான் அர்த்தம்” என்றார் டாக்டரம்மா. “இனிமே தினமும் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கணும். பக்க விளைவுன்னா அதுக்குத்தான் நிஜமாவே பயப்படணும். வேற வழியில்ல, எழுதிடறேன்.”

“டாக்டர், அது வந்து...” என்று ஆரம்பித்த கணவர் அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. பாவம், மாத்திரை என்றதும் அவரும் நடுங்கிப்போய்விட்டார் என்று நினைத்தாள்.

பேனா காகிதத்தைத் தொட்டது.

“எழுதாதீங்க டாக்டர்!” அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “நான்தான் பாவி. காலை மருந்தை நான் கொடுக்கவே இல்ல. ரெண்டு மாசமா வாஷ்பேசின்ல அடிச்சேன். பிள்ளை குள்ளமாயிடுவாளோன்னு பயந்துட்டேன்.”

கணவர் கத்தப்போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

டாக்டரம்மா பேனாவை மூடினார். “வளர்ச்சி கொஞ்சம் மெதுவாகலாம், இல்லைன்னு சொல்லல. அதனாலதானே குறைஞ்ச அளவு கொடுத்து, வரும்போதெல்லாம் உயரம் அளக்கிறோம்? பயமா இருந்தா என்கிட்ட வந்து சண்டை போட்டிருக்கலாமே! மூச்சு இருந்தாத்தானேம்மா பிள்ளை வளரும்?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நல்லவேளை, சாயந்திர மருந்தாவது உள்ள போயிருக்கு. அதுவும் போகலைன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே எனக்குப் பயமா இருக்கு.”

அவள் ஓடிப்போய்க் கணவரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “உங்களாலதாங்க இவ பொழச்சா! நீங்க கொடுத்த மருந்துதாங்க இவளைக் காப்பாத்தியிருக்கு!”

அந்தக் கைகள் ஜில்லிட்டிருந்தன. அவர் தலை நிமிரவே இல்லை.

சிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு மாஸ்க்கை லேசாக ஒதுக்கி, தன் சுண்டுவிரலை அவர் பக்கம் நீட்டினாள்.

“பயப்படாதீங்கப்பா... சாயந்திரம் நீங்க பாத்ரூம்ல மருந்து அடிக்கிறதை... நான் யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்டகூட.”