நிலாவுக்குப் போன நாள்

கிளைவ் தான் பிறந்த நாளின் கதையைப் பல வருடங்களாக நம்பவில்லை.

கதையைச் சொல்கிறவர் ஐரின் சின்னம்மா. பன்வில தேயிலைத் தோட்டத்தில் தாயில்லாமல் கிடந்த கிளைவைக் கண்டிக்குத் தூக்கி வந்து, தான் கலியாணமே கட்டாமல், வரலாற்று ஆசிரியராக்கி விட்டவர். அப்படிப்பட்டவரைச் சந்தேகிக்கலாமா என்று தன்னையே கேட்டுக் கேட்டுக் களைத்துப் போனார் கிளைவ். சந்தேகம் மட்டும் களைக்கவில்லை.

இன்று ஜூலை இருபத்தொன்று. பாடசாலைப் பலகையில் 'வரலாற்றில் இன்று' எழுதுவது அவர் வேலை.

'1960: உலகின் முதல் பெண் பிரதமர் இலங்கையில் பதவியேற்றார். 1969: மனிதன் நிலவில் நடந்தான்.'

அதற்குக் கீழே கலாராணி டீச்சர் வழக்கம்போல எழுதினார்: '1969: நம் கிளைவ் சேர் பிறந்தார்.'

கிளைவ் வழக்கம்போல அழித்தார்.

"ஏன் சேர்?"

"ஆதாரம் இல்லாததைப் பலகையில் எழுதக் கூடாது."

கலாராணி சிரித்தார். கிளைவ் சிரிக்கவில்லை.

மாலையில் வீட்டில் கேக் வெட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டு பஹீம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன மச்சான், இந்த வருஷமும் நெலாவுல இருந்து நேராத்தான் இறங்கினீங்களா? ஐரின் ஆன்டி, தொடங்குங்க!"

ஐரினுக்கு எழுபத்தேழு வயது. இந்த ஒரு கதைக்கு மட்டும் குரல் நடுங்காது.

"தோட்டத்துக் கிளாக்கர் ஐயா வீட்டு ரேடியோவுல, நெலாவுல மனுசன் நடக்குறான்னு சொல்றாங்க. அன்னைக்குத்தான் இவனைப் பெத்த எங்கக்கா, இவனைக் கையில ஏந்திக்கிட்டு ஜன்னலண்ட வந்து, 'அங்க பாருடா, ஒருத்தன் நடக்குறான்'னு காட்டுறா. உசிரோட இருந்த மூணு நாளும் இவனைக் கீழ இறக்கவே இல்ல. அதுக்கப்புறம்தான் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தா."

"போன வருஷம் வாசல்னு சொன்னீங்க" என்றார் கிளைவ்.

"வாசலோ ஜன்னலோ…"

"தோட்டத்து லயத்துல, ஒத்தைக் காம்பராவுக்கு ஏது சின்னம்மா ஜன்னல்?"

"விடு மச்சான், இது என்ன கோர்ட்டா?" என்றார் பஹீம்.

கோர்ட்டேதான். கிளைவ் இந்த முறை சாட்சியும் வைத்திருந்தார். மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ராக்கம்மாவை, பன்விலவுக்கே போய் அழைத்து வந்திருந்தார்.

"ராக்கம்மா பெரியம்மாதான் எனக்குத் தொப்புள்கொடி அறுத்தவங்க. அவங்களே சொல்லட்டும். பெரியம்மா, இது நடந்ததா?"

ஐரின் கையிலிருந்த கேக் தட்டு ஆடியது. அவர் ராக்கம்மாவைப் பார்க்கவேயில்லை.

ராக்கம்மா வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"நடந்துச்சு தம்பி. நான் கண்ணால பாத்தேன்."

"தீர்ப்பு வந்திருச்சு!" என்று பஹீம் கை தட்டினார். யாரும் கேட்காத தேநீரை ஊற்ற ஐரின் குசினிக்குள் போய்விட்டார்.

ராக்கம்மாவை பஸ் ஏற்றிவிடக் கிளைவ் கூடவே போனார். தரிப்பிடத்தில் வேறு யாருமில்லை.

"பெரியம்மா, உண்மையைச் சொல்லுங்க. ஊருக்குப் பெருமை பேச இப்படி ஒரு கதையா? எனக்கு ஐம்பத்தாறு வயசு. அலுத்துப் போச்சு."

ராக்கம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"பெருமையா? நீ பொறந்தது அவங்க நெலாவுல கால் வச்ச அன்னைக்கு இல்ல தம்பி. திரும்பி வந்து கடல்ல விழுந்தாங்களே, அன்னைக்கு."

அந்தத் திகதியைக் கிளைவ் எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டியதில்லை. ஜூலை இருபத்து நான்கு. அம்மா இறந்த நாளென்று வருடா வருடம் பூசை கொடுக்கும் நாள்.

"அப்ப… அம்மா?"

"ஒன் அழுகைச் சத்தம் கேக்குறதுக்கு முந்தியே போயிட்டா. பொணத்தை எடுக்கக்கூட இல்ல, அதுக்குள்ள லயத்துல ஒருத்தி 'ஆத்தாவை முழுங்குன புள்ள'ன்னு சொல்லிட்டா. அது ஐரின் காதுல விழுந்துச்சு. அவளுக்கு அப்ப இருபத்தொரு வயசுதான். ஒன் பொறப்பைப் பதியப் போனப்ப மூணு நாள் முன்னுக்குச் சொல்லிட்டா. லயத்துல இருந்தா என்னைக்காவது ஒருத்தன் சொல்லிடுவான்னு, ஒன்னைத் தூக்கிக்கிட்டு டவுனுக்கே வந்துட்டா."

"நிலா எதுக்கு?"

"அம்புட்டுப் பெரிய சங்கதி நடந்த நாளைச் சொன்னா, எல்லாரும் நெலாவைப் பத்திப் பேசுவாங்க. ஒங்கம்மாவைப் பத்திக் கேக்க மாட்டாங்க. என்கிட்ட சத்தியமே வாங்கிட்டாப்பா. இன்னைக்கு அவ கை நடுங்குனதைப் பாத்தப்புறம் எப்படி என் வாயால சொல்றது?"

பஸ் வந்தது. கிளைவ் அவரைக் கைபிடித்து ஏற்றிவிட்டார்.

வீடு திரும்பியபோது பஹீம் போயிருந்தார். ஐரின் குசினிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வைத்த தேநீர் ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

"ராக்கம்மா ஏறிட்டாளா?"

"ஏறிட்டாங்க."

"வழியில… ஏதும் சொன்னாளா?"

அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தைக் கிளைவ் பார்த்ததே இல்லை. இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு, அவர் முழங்கால் தொடும் தூரத்தில் உட்கார்ந்தார்.

"சின்னம்மா, அந்த மூணு நாளும் அம்மா என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க?"