அத்தான் தட்டு கழுவுகிறார்

"விடும்மா. இதெல்லாம் நான் கழுவிக்கிறேன். நீ போய் உக்காரு."

அக்கா வீட்டு விருந்து முடிந்ததும், கறி வாட்டிக் கொழுப்பு வழிகிற கம்பித்தட்டைத் தம்பி மனைவியின் கையிலிருந்து ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டு அத்தான் கொல்லைப்புறம் போனார்.

"நானும் வந்து தேய்க்கிறேனே, அண்ணே."

"வேணாம், வேணாம். பக்கத்துல யாரும் நிக்காதீங்க. சுடுதண்ணி தெறிக்கும்."

அவ்வளவுதான். சோபாவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்த தம்பிக்காரனுக்கு வந்தது வினை.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"எதை?"

"அந்த அண்ணனை. காலையிலேர்ந்து அந்தத் தகரப் பெட்டிகிட்டயே நின்னு, கண்ணு சிவக்கச் சிவக்க நமக்கெல்லாம் கறியைப் புகையில வாட்டிக் குடுத்தார். டாக்டர் சொன்னார்னு ஒரு துண்டு வாயில வைக்கலை. வேகவெச்ச பீன்ஸைத் தின்னுட்டு, நம்ம பிசுக்கையும் அவரே கழுவறார். நீங்க தின்ன தட்டை என்னிக்காவது நகர்த்தி வெச்சிருக்கீங்களா?"

"அவர் ரிட்டயர் ஆனவர். பொழுது போகலை."

"உங்களுக்கும் ஞாயித்துக்கிழமை பொழுது போறதில்லை. டிவியை மாத்தி மாத்திக் கொல்றீங்க."

தம்பிக்காரன் பல்குச்சியைக் கீழே வைத்தான்.

"இதோ பாரு. அக்கா வீட்டுக்காரரை எனக்கு நேத்து இன்னிக்கா தெரியும்? குடிச்ச டம்ளரைக்கூட தூக்காத மனுஷன். அவர் பிசுக்குத் தட்டைப் பிடுங்கிட்டு ஓடறார்னா உள்ள என்னமோ இருக்கு."

"என்ன இருக்கும்? நல்ல மனசு இருக்கும்."

"கள்ளம் இருக்கும். பந்தயமா?"

"பந்தயம். கள்ளம் இருந்தா நான் இனிமே இந்தப் பேச்சையே எடுக்கலை. இல்லேன்னா, நாளையிலேர்ந்து நம்ம வீட்டுப் பாத்திரம் பூரா உங்க கையில."

உண்ட மயக்கம் உட்காரச் சொன்னது. பாத்திரங்களை நினைத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

கொல்லைக் கதவை ஒரு விரற்கடை திறந்து கண்ணை வைத்தான்.

அத்தான் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அகலமான தொட்டியில் சோப்புத் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதில் ஊறிய கம்பித்தட்டை எடுத்துக் கம்பி ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கருகி ஒட்டியதைப் பழைய கரண்டியால் சுரண்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தார்.

வேலை சுத்தம். குறை சொல்ல வழியில்லை. தம்பிக்காரனுக்குத் தன் வீட்டு சிங்க்கும் அதில் மிதக்கும் குழம்புச் சட்டியும் கண்முன் வந்து நின்றன.

அப்போதுதான் அத்தான் கம்பித்தட்டுக்கு அடியில் கொழுப்பைப் பிடிக்க வைக்கிற ட்ரேயைக் கையில் எடுத்தார். இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார். மூலையிலிருந்து எதையோ இரண்டு விரலால் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

தாடை மட்டும் மெல்ல அசைந்தது. அவ்வளவு மெதுவாக ஒரு மனிதர் மென்று தம்பிக்காரன் பார்த்ததில்லை.

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "என்னங்க, அந்த ட்ரே ஆச்சா? இன்னும் ஒண்ணு இருக்கு!"

அத்தான் அவசரமாக விழுங்கினார். "ம்... ம்... மெதுவா அனுப்பு. ஒண்ணும் அவசரமில்லை!"

ட்ரேயைத் தண்ணீரில் முக்கிப் பாவம் போகத் தேய்க்க ஆரம்பித்தார்.

தம்பிக்காரனுக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. நல்ல மனசாம்! கையும் களவுமாகக் காட்டிக்கொடுக்க அக்காவைவிட நல்ல சாட்சி கிடையாது. பூனைபோலச் சமையலறைக்குப் போனான்.

"அக்கா, சத்தம் போடாம வா. உன் வீட்டுக்காரர் உன்னையும் டாக்டரையும் எப்படி ஏமாத்தறார்னு காட்டறேன்."

அக்கா திரும்பவில்லை. பலகையில் ஒரே ஒரு கறித்துண்டை வைத்து, கத்தி நுனியால் அதன் கொழுப்பைச் சுற்றிலும் அரிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம். தட்டுகளிலும் ட்ரேக்களிலும் இருந்து அவள் முன்பே வழித்த கொழுப்பு அதில் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

துண்டைக் கடைசி ட்ரேயின் மூலையில் வைத்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். தானாக ஒட்டிக்கொண்டதுபோல இல்லை போலிருக்கிறது. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டாள்.

"அக்கா, இது..."

"கொழுப்பு இல்லாம கொஞ்சம் தின்னலாம்னுதான்டா டாக்டர் சொன்னார். தட்டுல போட்டா இன்னும் போடு, இன்னும் போடும்பார். திருடித் தின்னா, ரெண்டாவதுலயே பயந்து நிறுத்திடறார்."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அப்புறம் ருசிக்குமா?"

ஹாலிலிருந்து மனைவி கேட்டாள். "என்னங்க, கண்டுபிடிச்சாச்சா கள்ளத்தை?"

தம்பிக்காரன் அக்காவைப் பார்த்தான். அவள் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றான். "நல்லா அழுத்தித்தான் தேய்க்கிறார்."

"அப்போ நாளையிலேர்ந்து?"

"ம். நாளையிலேர்ந்து."

கடைசி ட்ரேயை இரண்டு கையாலும் தூக்கினான். துண்டு நழுவிவிடாமல், கொஞ்சமும் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு, கொல்லைக் கதவை முழங்கையால் தள்ளித் திறந்தான்.